கையால் புத்தகம் செய்து பிழைக்க முடியுமா?

கேள்வி:

எனக்கு வயது 27. கும்பகோணம் அரசு கவின்கலைக் கல்லூரியில் படித்தேன். இப்போது மதுரையில் ஒரு அச்சகத்தில் டிசைனர் வேலை, சம்பளம் 22,000 ரூபாய். மூன்று வருடமாக சனி, ஞாயிறுகளில் கையால் தைத்து நோட்டுகள் செய்கிறேன். போன டிசம்பரில் சென்னையில் ஒரு கைவினைச் சந்தையில் ஸ்டால் போட்டு, 350 ரூபாய் விலையில் 60 நோட்டும் விற்றுத் தீர்ந்தன. வைகைப் பாலங்களை லினோ என்கிற மிருதுவான தகட்டில் செதுக்கி அச்சடித்து ஒரு மடிப்புப் புத்தகமும் செய்திருக்கிறேன். அதைப் பார்த்த கேலரி ஒன்று ஐந்து பிரதிகள் அனுப்பச் சொல்கிறது. விற்றால் பாதிப் பணம் அவர்களுக்காம். வேலையை விட்டுவிட்டு இதையே தொழிலாக எடுத்துக்கொள்ளலாமா? என்ன விலை வைப்பது? வெளிநாடு போய்ப் படித்தால்தான் மதிப்பா? அப்பா, ஏதாவது பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சராகச் சேர் என்கிறார். செலவு விவரமும் படங்களும் இணைத்திருக்கிறேன்.

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மதுரை

பதில்:

அந்த 60 நோட்டுக் கணக்கை முதலில் பார்த்துவிடுவோம். செலவை ஒழுங்காக எழுதி வைத்திருக்கிறீர்கள், நம் ஆட்களில் பலர் அதைக்கூடச் செய்வதில்லை. விற்பனை 21,000 ரூபாய். தாள், அட்டை, துணி, நூல், பசை எல்லாம் சேர்ந்து நோட்டுக்கு 140 வீதம் 8,400. ஸ்டால் வாடகை 4,000. ரயில், தங்கல், சாப்பாடு 2,600. கையில் நின்றது 6,000. ஒரு நோட்டு முடிய இரண்டரை மணி நேரம் ஆகிறது என்கிறீர்கள், அப்படியானால் 150 மணி நேரம். மூன்று நாள் ஸ்டாலில் நின்றது ஒரு 30 மணி நேரம். ஆக 180 மணி நேர உழைப்புக்கு 6,000 ரூபாய், மணிக்கு 33 ரூபாய். அச்சகச் சம்பளத்தை 26 நாள், எட்டு மணி நேரம் என்று வகுத்தால் மணிக்கு 105 ரூபாய் வருகிறது. ஒன்று விடாமல் விற்ற சந்தையின் கணக்கே இப்படி. பாதி திரும்பி வந்திருந்தால் ரயில் செலவே கைக்காசுதான்.

அதனால் வேலையை இப்போதைக்கு விடாதீர்கள். இந்தத் தொழிலில் பிழைக்கவே முடியாது என்று சொல்லவில்லை. நானும் பல வருடமாக பைண்டிங் பட்டறை வைத்துத்தான் குடும்பம் நடத்துகிறேன். ஆனால் நீங்கள் எதை வைத்து இதைத் தொழிலாக்க நினைக்கிறீர்களோ, அந்த வெற்று நோட்டு, அது சோறு போடாது. கோடு போடாத தாளைத் தைத்து, மேலே சுங்குடித் துணி ஒட்டி விற்றால், சிவகாசியிலிருந்து லாரி லாரியாக வரும் நோட்டோடும் டைரியோடும் மோதுகிறோம். உங்கள் நோட்டு அதைவிட நன்றாகத்தான் இருக்கும், முழுதாக விரியும், தாள் கழன்று வராது. இருந்தும் வாங்குபவர் மனதில் ஓடுவது ஒரே கேள்வி: "எழுதாத நோட்டுக்கு 350 ரூபாயா?" 450 என்று ஏற்றினால் அந்தக் கேள்வி வாய்விட்டே வரும். இந்த விலைக்கு மேல் நோட்டு ஏறாது. உங்கள் கை இரண்டரை மணி நேரத்தை ஒன்றரையாகக் குறைத்தாலும் மணிக்கு 60 ரூபாய்க்குள்தான் நிற்பீர்கள்.

வைகைப் புத்தகம் வேறு கதை. படங்களைப் பெரிதாக்கி நிதானமாகப் பார்த்தேன். ஏ.வி. (ஆல்பர்ட் விக்டர்) பாலத்தின் தூண்கள் ஒவ்வொன்றும் சரியாக மடிப்பில் வந்து நிற்கின்றன. மடித்து வைத்தால் வெறும் தூண் வரிசை, இழுத்து விரித்தால் வளைவுகள் ஒவ்வொன்றாகத் திறந்து பாலம் நீள்கிறது. 1889இல் திறந்த அந்தப் பாலத்தைப் பற்றி யார் வேண்டுமானாலும் படம் போடலாம். பாலத்தை மடிப்பில் யோசித்தவர் நீங்கள். புத்தகத்தின் உருவமும் அதில் உள்ள விஷயமும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கும் இடம் இதுதான், இதற்குத்தான் ஆட்கள் விலை கொடுப்பார்கள். இதை ஏன் கடிதத்தில் நோட்டுகளுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்தீர்கள் என்றுதான் புரியவில்லை.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன், 25 பிரதி அடிக்கப் போகிறீர்கள் என்றால் இப்போதே சரிசெய்ய வேண்டியவை. நான்காவது படத்தில், தூணின் கறுப்பு மை மடிப்பில் வெடித்து வெள்ளையாகத் தெரிகிறது. எண்ணெய் மை கனமாக ஏறிய இடத்தில் மடித்தால் அப்படித்தான் ஆகும், எத்தனை நாள் காயவைத்தாலும். தூணை இரண்டு பாதியாகச் செதுக்கி, மடிப்பு வரும் இடத்தில் ஒரு நூல் அளவு இடைவெளி விடுங்கள். அந்த வெள்ளைக் கோடு தூணின் விளிம்பில் விழும் வெயில் மாதிரி நிற்கும், குறை என்று யாரும் நினைக்க மாட்டார்கள். அடுத்தது, மேலட்டை கிண்ணம் போல வளைந்திருக்கிறது. இதற்குக் காரணம் இரண்டு. வெளியே தடித்த துணியை ஒட்டிவிட்டு உள்ளே மெல்லிய தாளை ஒட்டியிருக்கிறீர்கள். பசை காயும்போது துணி ஒரு பக்கம் இழுக்க, எதிர்ப்பக்கம் இழுக்க ஆள் இல்லை. உள் தாளும் கொஞ்சம் கனமாக இருக்க வேண்டும். இன்னொன்று, அட்டையின் இழை குறுக்கே ஓடுகிறது என்று சந்தேகப்படுகிறேன். அட்டையை இரண்டு பக்கமாகவும் லேசாக வளைத்துப் பாருங்கள், எந்தப் பக்கம் முரண்டு பிடிக்காமல் வளைகிறதோ இழை அந்த வளைவுக்கோட்டோடு ஓடுகிறது. அது புத்தகத்தின் முதுகுக்கு இணையாக இருக்க வேண்டும். மெஷினில் செய்த தாளுக்கும் இதே விதிதான். கையால் வார்த்த தாளில் இழை நாலா பக்கமும் கிடப்பதால் இந்தத் தொல்லை குறைவு. அப்புறம், ஐப்பசி மழையில் அட்டை ஒட்டாதீர்கள். ஒட்டித்தான் ஆக வேண்டும் என்றால் பாரத்தின் கீழ் இரண்டு நாள் கூடுதலாக வையுங்கள்.

பசை பற்றியும் ஒரு வார்த்தை. நம் ஊர் பைண்டிங் கடைகளில் மைதாப் பசையில் பூச்சி வராமல் இருக்க மயில்துத்தம் போடுவார்கள். கணக்குப் பேரேட்டுக்குச் சரி. கலைப் படைப்புக்கு வேண்டாம், தாமிர உப்பு நாளாவட்டத்தில் தாளையே அரித்துப் பழுப்பாக்கும். கோதுமை மாவுச்சத்தை மட்டும் பிரித்தெடுத்துக் காய்ச்சிய பசையை அந்தந்த நாளுக்குச் செய்து, மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள்.

இனி விலை. உங்கள் மணிக்கூலியை முதலில் முடிவு செய்யுங்கள். 105 ரூபாய் சம்பளக்காரியின் கூலி. சொந்தத் தொழிலில் பாதி நேரம் கடிதம் எழுதுவது, தாள் வாங்க அலைவது, போட்டோ எடுப்பது, பார்சல் கட்டுவது என்று போகும், அதற்கு யாரும் காசு தர மாட்டார்கள். எனவே இரண்டு மடங்கு, குறைந்தபட்சம் 200 என்று வையுங்கள். வைகைப் புத்தகத்துக்கு வரைந்து செதுக்கியது 90 மணி நேரம் என்கிறீர்கள். 25 பிரதிக்குப் பிரித்தால் பிரதிக்கு மூன்றரை மணி நேரத்துக்குச் சற்று மேல். அச்சடித்து, மடித்து, ஒட்டி முடிக்கப் பிரதிக்கு ஐந்து மணி நேரம். சுமார் ஒன்பது மணி நேரம், 1,800 ரூபாய். பொருள் 600. கெட்டுப்போகும் தாள், மின்சாரம், பிளேடு, அலைச்சல் வகைக்கு 20 சதவீதம் சேர்த்தால் 2,900 அருகில் வருகிறது. இது அடக்க விலை. கேலரி பாதி எடுக்கிறது என்றால் விற்பனை விலை 6,000 ஆக இருக்க வேண்டும். 'நேரில் வாங்கினால் 3,500, கேலரியில் 6,000' என்று இரட்டை விலை வைக்கவே கூடாது. அது கேலரிக்குத் தெரிந்த அன்றே உறவு முடிந்துவிடும். நேரில் விற்றாலும் 6,000தான், அந்த மிச்சம் நீங்களே கேலரி வேலை பார்த்ததற்கான கூலி.

6,000 கேட்க வாய் வராது என்று தெரியும். அதற்கு ஒரு வழி, அதே படங்களைச் சின்ன அளவில் ஆஃப்செட்டில் அடித்து, நடுவில் ஊசிநூல் தையல் மட்டும் போட்டு 200, 250 ரூபாய்க்கு ஒரு மலிவுப் பதிப்பு செய்யுங்கள். அச்சகத்திலேயே வேலை பார்க்கிறீர்கள், மிச்சத் தாளில் அடித்துத் தர முதலாளியிடம் கேட்டுப் பார்க்கலாம். ஸ்டாலுக்கு வரும் காலேஜ் பிள்ளைகள் அதை வாங்குவார்கள். பக்கத்தில் மூலப் புத்தகம் கண்ணாடிக்குள் விரிந்து கிடக்கட்டும்.

25 என்று ஒருமுறை சொல்லிவிட்டால் 25தான். பென்சிலில் 1/25, 2/25 என்று எண் போட்டுக் கையெழுத்திடுங்கள். உங்களுக்கென இரண்டு, மூன்று பிரதிகளை ஆர்ட்டிஸ்ட் ப்ரூஃப் என்று தனியாகக் குறித்து வையுங்கள், பத்து வருடம் கழித்து கண்காட்சிக்கு அவைதான் உதவும். கடைசிப் பக்கத்தில் என்ன தாள், என்ன மை, எந்த ஊர், எந்த மாதம், எத்தனை பிரதி என்று நாலு வரி எழுதுங்கள். ஓலைச்சுவடி பிரதி செய்தவர்கள் வருடம், மாதம், கிழமை சொல்லி, பெயரும் எழுதி, 'குருவே துணை' என்று முடித்தார்களே, அந்தப் பழக்கம்தான். நூலகங்களும் சேகரிப்பாளர்களும் முதலில் புரட்டிப் பார்ப்பது அந்தப் பக்கத்தை.

யார் வாங்குவார்கள்? உள்ளூரில் சேகரிப்பவர் கொஞ்சம் பேர். நம் நாட்டு நூலகங்களுக்கு இந்த மாதிரிக் கலைப் புத்தகம் வாங்கும் பழக்கம் அநேகமாக இல்லை, இதைச் சொல்ல எனக்கே கஷ்டமாகத்தான் இருக்கிறது. வெளிநாட்டில் பல்கலைக்கழக நூலகங்களின் சிறப்புச் சேகரிப்புப் பிரிவுகளே இந்தத் துறையின் பெரிய வாடிக்கையாளர்கள். லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தின் தேசியக் கலை நூலகமும் இவற்றைச் சேகரிக்கிறது. நூலகர்களுக்கு நேரடியாக மின்னஞ்சல் போடலாம். ஆறேழு படம், அளவு, பிரதி எண்ணிக்கை, பொருள், விலை, ஐந்து வரியில் விஷயம், எல்லாம் இரண்டு பக்க பிடிஎஃப்பில் அடங்க வேண்டும். இருபது பேருக்குப் போட்டால் ஒருவர் பதில் போடுவார். அவசரப்பட்டு இரண்டாவது வாரமே நினைவூட்டாதீர்கள், அவர்களுக்கு வருட பட்ஜெட் என்று ஒன்று உண்டு.

பெரிய அளவில் கையால் புத்தகம் செய்து காட்டியவர்கள் நம் ஊரிலேயே இருக்கிறார்கள். சென்னையில் 1994இல் தொடங்கிய தாரா புக்ஸ், பருத்திக் கழிவில் செய்த காகிதத்தில் ஸ்க்ரீன் பிரின்ட் போட்டு, கையால் தைத்து, ஒவ்வொரு பிரதிக்கும் எண் போட்டு உலகமெங்கும் விற்கிறது. கோண்டு ஓவியர்கள் மூவரை வைத்து அவர்கள் செய்த மரங்கள் பற்றிய புத்தகம் 2008இல் போலோனியா சிறுவர் நூல் கண்காட்சியில் விருது வாங்கியது. ஆனால் அங்கே அச்சடிக்கத் தனிப் பட்டறை, தைக்கத் தனிக் கைகள், உரிமை விற்கத் தனி ஆள் என்று ஒரு படையே இருக்கிறது. ஒற்றை ஆளாக அதே மாதிரியில் இறங்கினால் மூச்சு வாங்கும். அங்கே ஒருநாள் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள், பார்க்க விடுவார்கள் என்றால் பட்டறையையும்.

ஒற்றை ஆளுக்கு எனக்குத் தெரிந்த முன்னுதாரணம் சோழமண்டலம். 1966இல் கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் ஓவியர்கள் ஈஞ்சம்பாக்கத்தில் நிலம் வாங்கிக் கிராமம் அமைத்தார்களே, அதற்கான பணத்தில் பெரும்பகுதி பாட்டிக் துணியும் மற்ற கைவினைப் பொருளும் செய்து விற்றதில் வந்தது. ஒரு பக்கம் கைவினை, மறுபக்கம் ஓவியம். கைவினை வயிற்றைப் பார்த்துக்கொண்டது, ஓவியத்தைச் சந்தைக்காக வளைக்க வேண்டியிருக்கவில்லை. நீங்களும் இப்படித்தான் பிரித்துக்கொள்ள வேண்டும். உங்கள் பெயர் போட்ட புத்தகம் உங்கள் இஷ்டத்துக்கு இருக்கட்டும். வயிற்றுப் பாட்டுக்கு பைண்டிங் தெரிந்த கை இருக்கிறது. என் பட்டறையில் வருமானத்தின் பெரும் பங்கு பெட்டி செய்வதிலும் பழுதுபார்ப்பதிலும் வருகிறது. என் சொந்தப் புத்தகங்கள் தருவது அதில் ஒரு சின்னத் துண்டு, அந்தத் துண்டுக்காகத்தான் மற்ற எல்லாம்.

அந்த வயிற்றுப் பாட்டு வேலைகள் மதுரையில் நிறையவே கிடைக்கும். மொய் நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். சிரிக்காதீர்கள். மதுரை, தேனிப் பக்கம் ஒரு குடும்பத்தில் பத்திரத்துக்கு அடுத்தபடியாகப் பீரோவில் பூட்டி வைக்கும் நோட்டு அது. 'இவர்கள் வீட்டுக் காதுகுத்துக்கு நாம் என்ன செய்தோம்' என்று இருபது வருடம் கழித்தும் எடுத்துப் பார்ப்பார்கள். அதை ஏன் தாள் உதிரும் நோட்டில் எழுத வேண்டும்? நூல் தையல், சிவப்புக் காலிகோ துணி, நல்ல தாள், மணமக்கள் பெயர் பொறித்த அட்டை. கல்யாணத்துக்கு லட்சக்கணக்கில் செலவு செய்கிறவர்கள் 2,500 ரூபாய் நோட்டுக்கு யோசிக்க மாட்டார்கள். இதுவும் வெற்று நோட்டுதானே என்றால், இல்லை. பெயர் பொறித்து, ஆர்டரின்பேரில், முன்பணம் வாங்கிச் செய்வது. ஸ்டாலில் குவித்து வைத்துக்கொண்டு ஆள் வருமா என்று பார்க்கும் சரக்கு கிடையாது. மண்டபத்துக்காரர்கள் இரண்டு பேரையும் பத்திரிகை அடிக்க உங்கள் அச்சகத்துக்கே வருகிறவர்களையும் பிடித்தால் போதும்.

புகைப்படக்காரர்களுக்கும் ஆர்க்கிடெக்டுகளுக்கும் போர்ட்ஃபோலியோப் பெட்டி வேண்டும். அளவு பிசகாமல் மூடி உட்காரும் பெட்டி செய்யத் தெரிந்தவர் ஊருக்கு ஒருவர் இருந்தால் அதிகம். பழுதுபார்ப்பு வேலையும் வரும்: குடும்ப பைபிள், தாத்தாவின் ஜாதகக் கட்டு, பாட்டு வாத்தியாரின் நோட்டேஷன் நோட்டு. இதில் மட்டும் எச்சரிக்கை. பைண்டிங் தெரிந்தால் பழைய ஏட்டைத் தொடலாம் என்று அர்த்தமில்லை. செலோடேப்பும் ஃபெவிகாலும் பழைய தாளின் பக்கமே போகக் கூடாது. செய்ததைப் பின்னால் ஒருவர் பிரிக்க முடிய வேண்டும், அது முதல் விதி. ஓலைச்சுவடியோ கையெழுத்துப் பிரதியோ வந்தால் தரமணி ரோஜா முத்தையா நூலகம், தஞ்சை சரஸ்வதி மகால் போன்ற இடங்களில் கேளுங்கள் என்று வழிகாட்டி அனுப்பிவிடுங்கள். அந்தத் துறையில் ஆர்வம் வந்தால் அது தனிப் படிப்பு.

பயிற்சி வகுப்பு இன்னொன்று. பன்னிரண்டு பேர், ஒரு நாள், ஆளுக்கு 1,500 ரூபாய் என்றால் 18,000. பொருள் கிட் ஆளுக்கு 300 வீதம் 3,600, ஹால் 3,000, டீ, சாப்பாடு 1,500. மிச்சம் 9,900. தயாரிப்போடு சேர்த்து மூன்று நாள் வேலை. உங்கள் 60 நோட்டு தந்ததைவிட அதிகம். ஏப்ரல், மே பள்ளி விடுமுறையில் குழந்தைகளுக்கு, ஜனவரிக்கு முன்னால் பெரியவர்களுக்கு. ஆடியில் கல்யாணமும் கிடையாது, மொய் நோட்டும் கிடையாது. அந்த மாதத்தைச் செதுக்கும் வேலைக்கு ஒதுக்கிவிடுங்கள்.

அப்பா சொல்வதை அவ்வளவு லேசாகத் தள்ளாதீர்கள். இந்தக் கலை வேரூன்றிய அமெரிக்காவிலேயே புத்தகக் கலைஞர்கள் பலரும் ஏதோ ஒரு கல்லூரியில் சொல்லிக்கொடுத்துத்தான் வாழ்கிறார்கள். நாலு மணிக்கு முடியும் பள்ளிக்கூட வேலை, எட்டு மணிவரை இழுக்கும் அச்சக வேலையைவிட உங்கள் புத்தகத்துக்கு நல்லதாகக்கூட இருக்கலாம். அதே சமயம் அச்சகத்தில் இருப்பதற்கும் ஒரு லாபம் உண்டு, தாளும் கட்டிங் மெஷினும் பக்கத்திலேயே இருக்கின்றன. எதில் உங்களுக்கு முழுதாக இரண்டு மணி நேரம் மிஞ்சுகிறது என்று மட்டும் பாருங்கள்.

வெளிநாட்டுப் படிப்பு: அயோவா பல்கலைக்கழகத்தில் புத்தகத்துக்கென்றே ஒரு மையம் இருக்கிறது, தாள் வார்ப்பதிலிருந்து சொல்லித்தருவார்கள். அலபாமாவிலும் புத்தகக் கலையில் முதுகலை உண்டு. நியூயார்க்கில் 1974இல் தொடங்கிய புத்தகக் கலை மையம் குறுகிய வகுப்புகள் நடத்துகிறது. முழு உதவித்தொகை கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு போங்கள். வீட்டை அடமானம் வைத்து என்றால் வேண்டாம், அந்தக் கடனை அடைக்கும் சம்பளம் இந்தத் தொழிலில் இல்லை. அதற்கு முன் செய்ய வேண்டியது வேறொன்று. மதுரையில் பழைய பைண்டிங் கடை எதிலாவது மூன்று மாதம் சாயங்காலங்களில் போய் உட்காருங்கள். ஃபாரம் (பல பக்கங்கள் அச்சான பெரிய தாள்) மடிப்பது, தைப்பது, முதுகு உருட்டுவது எல்லாம் அந்த அண்ணன்கள் கையில் எப்படி ஓடுகிறது என்று பார்த்தால், உங்கள் இரண்டரை மணி நேரம் தானாகக் குறையும். எந்தப் பல்கலைக்கழகத்திலும் அந்த வேகத்தைச் சொல்லித்தர மாட்டார்கள். மூடப்போகும் கடையில் பழைய ஸ்க்ரூ பிரஸ் இரும்பு விலைக்குக் கிடைத்தாலும் கிடைக்கும், விடாதீர்கள். கட்டிங் மெஷின் மட்டும் வாங்க வேண்டாம், கூலி கொடுத்து வெட்டிக்கொள்ளலாம். லினோ அச்சுக்கு நல்ல பிரஸ் வேண்டும் என்றால் சென்னை கிரீம்ஸ் சாலை லலித் கலா அகாடமியின் கிராஃபிக்ஸ் ஸ்டுடியோவில் விசாரியுங்கள். தாளுக்குப் புதுச்சேரி ஆசிரமத்தின் கைக்காகிதப் பட்டறைக்கு நேரில் போய்த் தொட்டுப் பார்த்து வாங்குங்கள், படம் பார்த்து ஆர்டர் போடாதீர்கள்.

வேலையை எப்போது விடலாம்? சந்தையில் சரக்கு தீர்ந்த டிசம்பரை வைத்து முடிவு செய்ய வேண்டாம். ஆர்டர், வகுப்பு, பெட்டி, புத்தகம் எல்லாம் சேர்த்து, ஆடி, புரட்டாசி உட்பட முழுதாகப் பன்னிரண்டு மாதம் சராசரியாக 15,000 வந்தால், கையில் ஆறு மாதச் செலவுக்குப் பணமும் இருந்தால், விடுங்கள். வேலைக்குப் போய்க்கொண்டே 15,000 வருகிறது என்றால் முழு நேரமும் இறங்கும்போது சம்பளத்தைத் தாண்டிவிடுவீர்கள். கடன் வாங்கி ஆரம்பிக்க வேண்டிய தொழில் இது இல்லை.

வரி விஷயம் சுருக்கமாக: அச்சிட்ட புத்தகத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது. டைரி, ஆல்பம், பெட்டி வகைக்கு வேறு விகிதங்கள். தமிழ்நாட்டுக்குள் பொருள் விற்பவருக்கு வருட விற்றுமுதல் 40 லட்சம் தாண்டும்வரை பதிவு கட்டாயம் இல்லை, வெளி மாநிலத்துக்கு அனுப்புவதற்குத் தனி விதி. ஒரு ஆடிட்டரிடம் அரை மணி நேரம் உட்கார்ந்து கேட்டுவிடுங்கள். சிறுதொழிலுக்கான உத்யம் பதிவு இலவசம், புத்தகத்தை அடையாளம் காட்டும் ஐஎஸ்பிஎன் எண்ணும் நம் நாட்டில் இலவசம்தான், யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள். 25 பிரதிப் புத்தகத்துக்கு அந்த எண் தேவையும் இல்லை, மலிவுப் பதிப்பைக் கடைகளில் வைக்க உதவும்.

கடைசியாக கேலரி. பாதிப் பங்கு கேட்பது அநியாயம் இல்லை, உலக வழக்கம் அது. ஆனால் ஐந்து பிரதி அனுப்ப வேண்டாம், இரண்டு போதும். புத்தகத்தை வருகிறவர்கள் எல்லாரும் விரித்து விரித்துப் பார்ப்பார்கள், ஒரு பிரதி அழுக்காகத்தான் போகும். அந்தப் பார்வைப் பிரதியை அவர்கள் விலைக்கு வாங்கிக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் ப்ரூஃப் பிரதி ஒன்றைப் பார்வைக்கு மட்டும் கொடுங்கள். அனுப்புவதற்கு முன் ஒரு தாளில் எழுதி வாங்குங்கள்: பிரதி எண், விற்பனை விலை, யாருக்கு எத்தனை பங்கு, தள்ளுபடி கொடுத்தால் யார் பங்கில் கழியும், சேதமானால் யார் பொறுப்பு, விற்ற எத்தனை நாளில் பணம் வரும், விற்காவிட்டால் எந்தத் தேதியில் யார் செலவில் திரும்பி வரும். எழுதித் தர யோசிக்கிறார்கள் என்றால் புத்தகத்தை அனுப்பாதீர்கள். வாய்ப்பேச்சை நம்பி அனுப்பிய என் பெட்டி ஒன்று, வாங்கியவர் யார் என்றே தெரியாமல், இரண்டு வருடம் கழித்துப் பாதி விலைக்கு ரசீது இல்லாத பணமாக வந்து சேர்ந்தது.